குரல் ஏன் இடது காதில் மட்டும் கேட்கிறது?

கேள்வி: கர்நாடக சங்கீதம் பாடிப் பதிவு செய்வதற்காக, இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியுடன் இணைக்கும் கருவி) ஒன்றை வாங்கி, விண்டோஸ் கணினியில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுடன் இணைத்திருக்கிறேன். என் குரல் இடது காதில் மட்டும், அதுவும் இரட்டையாகக் கேட்கிறது. மேல் ஸ்தாயியில் ஒலி உடைகிறது; திரையில் ஃபேடர் என்ற ஒலியளவுப் பட்டையைக் குறைத்தும் பயனில்லை. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கருவியில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. ஒலி உடைவதை முதலில் கவனியுங்கள். மற்ற இரண்டையும் பிறகுகூடச் சரிசெய்யலாம், உடைந்து பதிவான குரலை முழுமையாக மீட்க முடியாது. ரீப்பரில் டிராக்கின் ஃபேடர், நீங்கள் கேட்கும் அளவை மாற்றுமே தவிர, பதிவாகும் அளவை மாற்றாது. பதிவின் அளவைத் தீர்மானிப்பது இன்டர்ஃபேஸின் முகப்பில் உள்ள கெய்ன் குமிழ்தான். பாட்டில் எட்டப்போகும் மிக உயர்ந்த ஸ்வரத்தை முழுக்குரலில் பிடித்தபடி, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும் வரை அந்தக் குமிழைத் திருப்புங்கள். சிவப்பைத் தொடும் அளவுக்கு ஏற்றினால்தான் பதிவு தெளிவாக இருக்கும் என்பது நாடாக் காலத்து எண்ணம். 24 பிட் பதிவில் அதற்குத் தேவையே இல்லை.

ஒரு காதில் மட்டும் கேட்பதற்குக் காரணம், பெரும்பாலும், டிராக்கின் உள்ளீடு ஸ்டீரியோ என்று இருப்பதுதான்: முதல் உள்ளீடு இடப்பக்கமாகவும், ஒன்றும் செருகப்படாத இரண்டாவது வலப்பக்கமாகவும் பிரிந்துவிடுகின்றன. அமைப்புகளின் ஆடியோ பகுதியில் ஏசியோவையும் (தாமதத்தைக் குறைக்கும் ஒலி இணைப்பு முறை) உங்கள் இன்டர்ஃபேஸின் டிரைவரையும் தேர்ந்தெடுத்த பின், டிராக்கின் உள்ளீட்டை மோனோவாக்கி, மைக் செருகிய எண்ணைக் குறியுங்கள்.

குரல் இரட்டிப்பதற்குக் காரணம், அது இரண்டு வழிகளில் உங்கள் காதை அடைவதே. இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் (பாடும் குரலைக் கணினிக்குள் அனுப்பாமலே ஹெட்ஃபோனுக்குத் தரும் வசதி) அதை உடனுக்குடன் தருகிறது; ரீப்பரின் மானிட்டரோ கணினிக்குள் சென்று திரும்பிய குரலைச் சற்றுத் தாமதித்துத் தருகிறது. 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) 512 சாம்பிள்களாக இருந்தால், ஒரு திசைக்கே ஏறத்தாழ 11.6 மில்லி விநாடி ஆகும். 128 ஆக்கினால் 2.9. கமகங்களைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டியவருக்கு டைரக்ட் மானிட்டரே நல்லது என்பது என் கருத்து. ஆகவே ரீப்பரில் மானிட்டரை அணைத்துவிடுங்கள். ரிவெர்ப் (எதிரொலி விளைவு) கேட்டுக்கொண்டே பாடத்தான் வேண்டுமென்றால், டைரக்ட் மானிட்டரை அணைத்து ரீப்பரின் மானிட்டரை இயக்கி, பஃபரையும் குறையுங்கள். ஒலியில் சொடுக்குச் சத்தம் வந்தால் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம்.

தம்புராவை ஸ்பீக்கரில் விடாமல் ஹெட்ஃபோனில் கேளுங்கள். இல்லாவிட்டால் அது மைக்கில் புகுந்து, பின்னர் குரலிலிருந்து பிரிக்க முடியாமல் போகும். அதே ஹெட்ஃபோனில் உங்கள் குரலை மிக உரக்க வைத்தால், உங்களை அறியாமலே குரலை அடக்கிப் பாடத் தொடங்குவீர்கள்.

கேள்வி: வயலினில் ஒட்டும் பிக்கப்பை (அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) இன்டர்ஃபேஸில் செருகினால், ஒலி மெலிந்து தகரம் போல் கேட்கிறதே?
– வாசகர், திருச்சி

பதில்: அந்த உள்ளீடு லைன் நிலையில் இருக்கக்கூடும். இப்படி ஒட்டும் பிக்கப்புகள் பெரும்பாலும் பீஸோ (அழுத்தத்தால் மின்சைகை தரும்) வகை; அவற்றுக்கு ஒரு மெகா ஓம் அளவிலான உயர் மின்மறுப்பு தேவை. அது குறைந்தால் கீழ் ஒலிகள் கரைந்துவிடும். கெய்னை முழுதும் இறக்கிவிட்டு, உள்ளீட்டை இன்ஸ்ட்ருமென்ட் நிலைக்கு மாற்றி, மெல்ல ஏற்றுங்கள்.