48,000 ரூபாய் எஸ்டிமேட்டும் ஒரு வேக்கம் ஹோஸும்

கேள்வி: 2011 ஆகஸ்டில் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது, மாதம் 600 கி.மீ. ஓட்டினாலே அதிகம். நாலு மாதமாக சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். 1,300 வரை ஏறி இறங்குகிறது. செக் இன்ஜின் லைட் எரிகிறது. 15 கொடுத்துக்கொண்டிருந்த மைலேஜ் 12 ஆகிவிட்டது. சர்வீஸ் சென்டரில் த்ராட்டில் பாடி 19,500, இன்டேக் மேனிஃபோல்டு 14,000, ஆக்சிஜன் சென்சார் 6,500, லேபர் 8,000, மொத்தம் 48,000 ரூபாய் என்கிறார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக்கோ, "வேக்கம் ஹோஸ் எல்லாம் காய்ஞ்சுபோச்சு சார், கம்மியிலேயே முடிச்சிடலாம்" என்கிறார். வெளியே விற்றால் 1.40 லட்சம், எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் 1.10 லட்சம் கிடைக்கும். பேசாமல் அதைக் கொடுத்துவிட்டு, ஆன்-ரோடு 8 லட்சத்தில் புதுக் கார் எடுக்கலாமா? 6 லட்சம் லோன், 9.5% வட்டி, 5 ஆண்டு. கையில் வரும் சம்பளம் 52,000. வீட்டுக்கடன் இ.எம்.ஐ. 14,000. எஃப்.டி. 3 லட்சம் இருக்கிறது. – வாசகர், திருச்சி.

பதில்: உங்களிடம் இப்போது இருப்பவை இரண்டு விலைகள். நோய் என்ன என்று யாரும் இன்னும் சோதித்துச் சொல்லவில்லை. அதற்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் செலவழிக்காமல் 48,000-ஐயும் கொடுக்காதீர்கள், 6 லட்சம் லோன் பாரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் பிரேக். அதில் மட்டும் பணக் கணக்கு பார்க்க வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். கல் மாதிரி இறுகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸிலோ, அதிலுள்ள ஒருவழி வால்விலோ, பூஸ்டரிலோ பழுது இருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.

இனி அந்த எஸ்டிமேட்டைப் பிரித்துப் பார்ப்போம். பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதனால் காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டுக்குள் வலுவான உறிஞ்சல், அதாவது வேக்கம், உண்டாகும். நல்ல இன்ஜினில் வேக்கம் கேஜ் 18 முதல் 21 இன்ச் (பாதரச அளவு) காட்டும். பிரேக் பூஸ்டர், இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டர், சில கார்களில் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் என எல்லாமே ரப்பர் குழாய்கள் வழியாக இந்த உறிஞ்சலை நம்பித்தான் வேலை செய்கின்றன. 15 வருடம் பானெட்டுக்குள் வெந்த ரப்பர் அப்பளம் மாதிரி ஆகிவிடும். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ஹோஸ் மாட்டும் மூக்கான நிப்பிளில் செருகியிருக்கும் முனையிலும், வளைவின் அடிப்பக்கத்திலும் விரலை வைத்துத் தடவினால்தான் கீறல் அகப்படும்.

அந்தக் கீறல் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலிங் ஏறுகிறது. அதை இறக்கப் பார்த்து இன்ஜினின் கணினியான இ.சி.யூ. தோற்கிறது, பழி த்ராட்டில் பாடி மேல் விழுகிறது. ஆக்சிஜன் சென்சார் 'காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறது. பி 0171 என்ற பிழைக் குறியீடு (கோட்) பதிவாகிறது. சென்சாரையே மாற்று என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி ஏறுகிறது. காய்ச்சலைக் காட்டிய தெர்மாமீட்டரை மாற்றுகிற கதைதான்.

சோதிக்கும் முறை இது. ஸ்கேனரை மாட்டி ஃப்யூயல் ட்ரிம், அதாவது இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஈடுகட்டும் சதவீதம், பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் கூட்டல் 15, 20, 25 சதவீதம் காட்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் வைத்தால் இயல்புக்கு இறங்குகிறது என்றால் காற்றுக் கசிவுதான். இரண்டு இடத்திலும் கூடுதலாகவே நின்றால் ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் பக்கம் தேட வேண்டும். மேப் சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் இன்ஜின்களில் ட்ரிம் பெரிதாக ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறுவதும் உண்டு. அதனால் முடிவான சாட்சி புகைச் சோதனைதான். இன்ஜினை அணைத்துவிட்டு, இன்டேக் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் புகையை ஏற்றுவார்கள். எங்கே ஓட்டையோ அங்கே நூல் மாதிரி புகை கிளம்பும். அதை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரம் பேச அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஓடும் இன்ஜின் மேல் கார்ப் கிளீனரைப் பீய்ச்சிப் பார்க்கும் வேலையை அனுமதிக்காதீர்கள். எக்ஸாஸ்ட் குழாயின் சூட்டில் தீப்பிடிக்கலாம். பிளையரால் ஹோஸை அமுக்கிப் பார்ப்பதும் வேண்டாம். காய்ந்த குழாய் அங்கேயே உடையும்.

கசிவு உறுதியானால், உடைந்த ஒன்றை மட்டும் மாற்றி லேபரில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். எல்லாக் குழாயும் ஒரே சூட்டில் ஒரே காலம் வெந்தவை. இன்று ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று நாலு முறை லேபர் கொடுப்பீர்கள். சிறு குழாய்களுக்கு 4 மி.மீ., 6 மி.மீ. உள்விட்டம் என்று அளந்து இரண்டிரண்டு மீட்டர் வாங்கினால் சிறிய காருக்குப் பெரும்பாலும் மிஞ்சும். மீட்டர் நூறு, இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சரக்கு. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே குழாய் ஒத்துவராது. வெறும் உறிஞ்சல் மட்டும் இருக்கும் இடத்தில் சிலிக்கான் நன்றாக உழைக்கும். பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் போகும் கேனிஸ்டர், பி.சி.வி. பக்கம் அது வேண்டாம்; எண்ணெய் தாங்கும் நைட்ரைல் வகைதான் போட வேண்டும். பி.சி.வி. ஹோஸ் மட்டும் காய்வதற்குப் பதிலாக எண்ணெயில் ஊறிக் கொழகொழவென்று ஆகியிருக்கும், அதுவும் கசிவுதான். பிரேக் பூஸ்டர் ஹோஸைக் கம்பெனி பாகமாகவே வாங்குங்கள். சாதாரணக் குழாய் உறிஞ்சலில் உள்பக்கம் ஒட்டிக்கொண்டால் பிரேக் உதவி போய்விடும்.

மேனிஃபோல்டு 14,000 என்ற வரி எப்படி வந்தது என்று கேளுங்கள். மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தால் புகைச் சோதனையில் தெரியும்; அப்போது சரி. பல இடங்களில் அந்த வரி முளைப்பது வேறு விதமாக. காய்ந்த ஹோஸைப் பிடித்து இழுக்கிறார்கள். பிளாஸ்டிக் நிப்பிள் கூடவே ஒடிந்து வருகிறது. இருநூறு ரூபாய்க் குழாய் பதினாலாயிரம் ஆகிறது. வராத ஹோஸை இழுக்கக் கூடாது. பிளேடால் நிப்பிளில் கீறல் படாமல் ஹோஸை மட்டும் நீளவாக்கில் கிழித்து, தோலுரிப்பது போல எடுக்க வேண்டும். ஒன்றைக் கழற்றி, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வேலைக்கு முன் பானெட்டுக்குள் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்தால் இடம் மாறாது. நிப்பிள் ஒடிந்தால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். சூட்டில் பசை இளகி ஒரு வாரத்தில் கழன்றுவிடும்.

சோதனை, ஹோஸ்கள், பூஸ்டர் ஹோஸ், பி.சி.வி. வால்வு, கிளாம்புகள், த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்வது, லேபர் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் என்று உச்சவரம்பு வையுங்கள். பழைய பாகங்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸில் கேட்கலாமா என்று யோசிக்க வேண்டாம். தேய்மானத்துக்கு மோட்டார் பாலிசி பணம் தராது.

இந்த 8,000 வீணா என்று பார்ப்போம். 600 கி.மீ.க்கு 15 மைலேஜில் 40 லிட்டர், 12-ல் 50 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,000 ரூபாய் காற்றோடு போகிறது. இழந்த மைலேஜ் முழுக்கத் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். டயர் காற்று, ஸ்பார்க் பிளக், ஊர் டிராஃபிக் எல்லாம் அதில் பங்கு கேட்கும். பாதி திரும்பினாலே 16 மாதத்தில் செலவு ஈடாகிவிடும்.

புதுக் கார் பக்கம் வாருங்கள். 6 லட்சத்துக்கு 9.5 சதவீதத்தில் 60 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 12,600, வட்டி மட்டும் 1.56 லட்சம். வீட்டுக்கடனோடு சேர்த்து 26,600. சம்பளத்தில் பாதிக்கு மேல். எக்ஸ்சேஞ்ச் 1.10 லட்சம் போக மீதி 90,000-க்கு எஃப்.டி.யை உடைக்க வேண்டும். அந்த 3 லட்சம்தான் உங்கள் அவசர நிதி. இன்னொன்று: ஓராண்டு முடிந்து இரண்டாம் ஆண்டில் இருக்கும் காருக்கு இன்ஷூரன்ஸ் தேய்மான அட்டவணை 20 சதவீதம் கழிக்கிறது. ஷோரூம் விலை 7 லட்சம் என்றால் கழிவது 1.40 லட்சம். உங்கள் பழைய காரின் முழு விலை அது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது உண்மைதான். மாதம் 600 கி.மீ. ஓட்டுபவர் அதற்காக அவசரப்பட வேண்டியதில்லை. 12,600 கட்டத் துணிந்தீர்கள் அல்லவா, அதில் 6,000-ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் போடுங்கள். 6.5 சதவீதத்தில் மூன்று ஆண்டில் சுமார் 2.39 லட்சம் சேரும். அடுத்த காருக்கு லோன் அவ்வளவு குறையும்.

ஒரு நிபந்தனை உண்டு. அதே மெக்கானிக்கை கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். அடிச்சட்டத்தில் துரு தின்றிருக்கிறதா என்று வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் குறைவாக இருந்தாலோ, நீலப் புகை வந்தாலோ, சட்டம் அரித்திருந்தாலோ நான் மேலே சொன்ன கணக்கு செல்லாது. பிரேக்கைத் தவிர வேறு எதற்கும் செலவழிக்காமல், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் வெளியே விற்றுவிடுங்கள். அந்த 30,000 வித்தியாசத்தை ஷோரூமுக்கு ஏன் விட வேண்டும்? அப்போதும் 8 லட்சம் கார் வேண்டாம், நாலைந்து வயதான ஒன்றைப் பாருங்கள்.

வண்டி தேறிவிட்டால், 15 ஆண்டு முடியும் ஆகஸ்டில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பம். கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி, ஐந்தாண்டுக்குச் செல்லும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும், புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். கசிவால் ஐடிலிங்கில் மிஸ் ஆகும் இன்ஜின் எரியாத பெட்ரோலை வெளியே தள்ளி, ஹைட்ரோகார்பன் அளவில் தவறிவிடும். ஹோஸ் வேலையை ஜூனுக்குள் முடித்து, ஒரு வாரம் ஓட்டி, செக் இன்ஜின் லைட் திரும்ப வராததை உறுதிசெய்துகொண்டு அந்தச் சான்றிதழுக்குப் போங்கள்.