பள்ளிக்கூட மைதானத்துச் சாவி யாரிடம்?

கேள்வி: மகன் வீட்டுக்காக அமெரிக்காவில் ஹூஸ்டன் போய்ச் சில மாதங்கள் இருந்தேன். அந்த நகரத்து மேயருக்குப் பள்ளிக்கூடங்கள் மேல் அதிகாரமே கிடையாதாம். பள்ளிகளுக்குத் தனி வாரியம், தனித் தேர்தல், தனி வரி. எங்கள் ஊர்க் கதையும் அதுதான். மாநகராட்சிப் பள்ளி மைதானத்தைச் சாயங்காலம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள் என்றால், தலைமையாசிரியர் மாநகராட்சியைக் கேட்கச் சொல்கிறார்; மாநகராட்சியில் கல்வித் துறையைக் கேட்கச் சொல்கிறார்கள். இரண்டு தலைமை இருக்கிற இடத்தில் ஒரு வேலையும் நடக்காது. எல்லாப் பள்ளிகளையும் பேசாமல் மேயர் கையில் கொடுத்துவிட்டால் என்ன?

– ஒரு வாசகர், டெல்டா மாவட்டம்

பதில்: கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் ஐயா. சிகாகோவில் 1995ஆம் ஆண்டு மாநிலச் சட்டமே போட்டு மேயரிடம் கொடுத்தார்கள். பள்ளி வாரிய உறுப்பினர்களை மேயர் நியமிப்பார், தலைமை நிர்வாகியையும் அவரே நியமிப்பார். நீங்கள் கேட்கிற ஒரே தலைமை அதுதான். 2013இல் அந்த ஏற்பாட்டின் கீழ் சுமார் 50 பள்ளிகள் ஒரே மூச்சில் மூடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை கறுப்பின மக்கள் வாழும் தெற்கு, மேற்குப் பகுதிகளில் இருந்தவை. பெற்றோர் கூட்டம் கூட்டமாகப் போய் எதிர்ப்புச் சொன்னார்கள். ஆனால் அந்த வாரியத்தில் அவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் ஒருவர்கூட இல்லை. பிறகு 2021இல் சட்டத்தைத் திருத்தி, 2024 நவம்பரில்தான் சிகாகோ மக்கள் முதன்முறையாகப் பள்ளி வாரியத்துக்கு வாக்களித்தார்கள். அதுவும் மொத்தம் 21 இடங்களில் 10 இடங்களுக்கு மட்டும்.

நீங்கள் போய் வந்த ஹூஸ்டனிலும் ஒரே தலைமை வந்துவிட்டது. மேயர் மூலமாக அல்ல, மாநில அரசு மூலமாக. ஒரு உயர்நிலைப் பள்ளி தொடர்ந்து பல வருடம் தேர்ச்சித் தரத்தில் பின்தங்கியதைக் காரணம் காட்டி, 2023 ஜூனில் டெக்சாஸ் மாநிலக் கல்வி நிர்வாகம், மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்தை ஓரங்கட்டிவிட்டுத் தானே ஆட்களை நியமித்தது. அப்போதைய மேயர் சில்வெஸ்டர் டர்னர் எதிர்த்துப் பேசினார். பேசத்தான் முடிந்தது. புது நிர்வாகம் வந்த வேகத்தில் 28 பள்ளிகளின் நூலகங்களை எடுத்துவிட்டு அந்த அறைகளை வேறு வேலைக்கு மாற்ற முடிவெடுத்தது. அந்த நகரத்தின் பெற்றோரையோ மேயரையோ கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. தலைமை ஒன்றாகிவிட்டால் தடுத்துக் கேட்க ஆள் இருக்காது. அதையா நீங்கள் நம் ஊருக்குக் கேட்கிறீர்கள்?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, நியாயமான கோபம். ஆனால் அது தவறான இடத்தைப் பார்க்கிறது. ஹூஸ்டனில் உங்கள் கண்ணில் படாமல் போன ஒன்றைச் சொல்கிறேன்.

அங்கே நகரமும், பள்ளிகளை நடத்துகிற 'பள்ளி மாவட்டம்' என்ற அமைப்பும் இரண்டு தனி அரசாங்கங்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனின் சொத்து வரி ரசீதைப் பார்த்தால் நகரத்துக்கு ஒரு வரி, கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஒரு வரி, பள்ளிக்கு ஒரு வரி என்று தனித்தனி வரியாக இருக்கும். பெரும்பாலும் பள்ளி வரிதான் பெரிய தொகை. எல்லையும் ஒன்றல்ல. ஹூஸ்டன் நகரத்துக்குள்ளேயே ஆல்டின், அலீஃப், ஸ்பிரிங் பிராஞ்ச் என்று வேறு பள்ளி மாவட்டங்கள் நீள்கின்றன. ஹூஸ்டன் பள்ளி மாவட்டமோ பக்கத்தில் பெல்லேர் போன்ற சிறு நகரங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு சிக்கல் இருக்கிற இடத்தில்தான் 1983ஆம் ஆண்டு ஸ்பார்க் என்ற திட்டம் பிறந்தது.

அதைத் தொடங்கியவர் எலினார் டின்ஸ்லி. பள்ளி வாரியத்தில் உறுப்பினராக இருந்து அதன் தலைவராகவும் இருந்தவர். பிறகு தேர்தலில் நின்று நகர மன்றத்துக்கு வந்தார். இரண்டு வீட்டின் அடுப்படியும் தெரிந்த பெண்மணி. ஊரின் அளவுக்குப் பூங்கா போதாது என்பது அப்போது பெரிய குறை. புதிதாக நிலம் வாங்கிப் பூங்கா போடக் காசு வேண்டும். ஆனால் ஒவ்வொரு குடியிருப்பிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஒவ்வொரு பள்ளியிலும் மைதானம் இருக்கிறது, மணி அடித்ததும் அது பூட்டிக் கிடக்கிறது. இந்த நிலத்தையே பூங்காவாக்கினால் என்ன என்று கேட்டார்.

அப்படிக் கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர் அதோடு நிற்காமல் பேச்சை ஒப்பந்தமாக்கினார். நிலம் பள்ளியுடையது, அது பள்ளியிடமே இருக்கும். கட்டுமானத்துக்கு நகரம் பணம் தேடித் தரும். வறிய பகுதிகளுக்கென்று நகரத்துக்கு வரும் மத்திய அரசு மானியம் அதற்குக் கைகொடுத்தது. பள்ளியும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் திரட்ட வேண்டும். என்ன வேண்டும் என்பதையும் அவர்களே கூடி உட்கார்ந்து சொல்ல வேண்டும். பதிலுக்குப் பள்ளி முடிந்த பிறகும் வார விடுமுறையிலும் கேட் எல்லோருக்கும் திறந்திருக்கும். இவ்வளவுதான் ஏற்பாடு. மேயரின் அதிகாரம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை, வாரியத்தின் அதிகாரம் குறையவும் இல்லை.

அடுத்த முறை போகும்போது ஒரு ஸ்பார்க் பூங்காவைப் பாருங்கள். சுற்றி நடைபாதை இருக்கும். காலையில் வயதானவர்கள் நடப்பார்கள். ஊஞ்சல், சறுக்கு, உட்கார பெஞ்சு, மரத்தடியில் திறந்தவெளி வகுப்பறை. சுவரிலோ தூணிலோ அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கைபட்ட சிறு சிறு ஓடுகளைப் பதித்துச் செய்த சித்திரம் இருக்கும். அக்கம்பக்கத்தார் அதை நம்ம பிள்ளைகள் செய்தது என்று காட்டுவார்கள். இப்படி 200க்கும் மேற்பட்ட பூங்காக்கள் வந்துவிட்டன. இடையில் எத்தனையோ மேயர்கள் மாறினார்கள், வாரியமே மாறியது, மாநில அரசு உள்ளே வந்தது. ஆரம்பித்தவரும் இன்று இல்லை. திட்டம் 40 வருடத்தைத் தாண்டிவிட்டது. எழுத்தில் இருந்ததால்தான் தாண்டியது.

சரி, நகர மன்றம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லையா? ஹூஸ்டனுக்கு முன்பே இருந்தது, நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1920இல் சென்னை மாநகராட்சி மன்றம் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாமல் செலவு. பசியோடு இருக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைக்கச் சோறு போட வேண்டும் என்று ஒரு நகர மன்றம் கண்டுகொண்டது. இன்னும் சில பள்ளிகளுக்கு அது பரவியது, சேர்க்கையும் ஏறியது. அப்புறம் மேலே இருந்த ஆங்கிலேய அரசாங்கம், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்று ஆட்சேபம் எழுப்ப, 1925 ஏப்ரலில் நின்றுபோனது.

இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. திட்டம் தோற்கவில்லை, பிள்ளைகள் வராமல் போகவில்லை. எந்தக் கணக்கில் எழுதுவது என்ற தகராறில் தட்டு பறிக்கப்பட்டது. பள்ளிகள் மாநகராட்சியின் கையிலேயே இருந்தும் இந்த கதி. உங்கள் 'ஒரே தலைமை' அங்கே உதவவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதல்வரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது நிலைமை வேறு. யார் சமைப்பது, யார் கொண்டு வருவது, செலவு எங்கிருந்து என்பதெல்லாம் முதலிலேயே அரசாணையாக வந்துவிட்டது. அதனால் உள்ளாட்சி, சமூக நலத் துறை, பள்ளி மூன்றும் ஒரே தட்டின் முன் நிற்க முடிந்தது. சோற்றுக்கு முடிந்தது மைதானத்துக்கு மட்டும் ஏன் முடியாது?

உங்கள் தலைமையாசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் ஒரு பையன் விழுந்து கையை உடைத்துக்கொண்டால் யாரைக் கேட்பார்கள்? அவரைத்தான். குழாய் உடைந்தால், கிரிக்கெட் பந்து ஜன்னலை நொறுக்கினால், கழிப்பறை அசிங்கமானால் மறுநாள் காலையில் முகத்தைக் கொடுக்க வேண்டியவர் அவர். எழுத்தில் எந்தப் பாதுகாப்பும் தராமல், நல்ல மனசோடு திறந்துவிடுங்கள் என்று அவரிடம் கேட்பது அநியாயம். பூட்டைப் போட்டுவிட்டு அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார் என்றால், அவரை அந்த நிலைமையில் விட்டது இரண்டு துறைகளும்தான்.

ஆகவே மேயருக்கு அதிகாரம் கேட்டு மனு எழுதாதீர்கள். கையில் வேறு வழி இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசி பெற்றோர், மீதியில் ஆசிரியர்கள், கூடவே உள்ளாட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி. மொத்தக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். எலினார் டின்ஸ்லி மாதிரி இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பெஞ்சில் உங்கள் வார்டு கவுன்சிலர் கடைசியாக எப்போது உட்கார்ந்தார் என்று முதலில் விசாரியுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கையோடு அழைத்துப் போங்கள். மாலையில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கேட் திறந்திருக்கும், காவலாளியின் சம்பளத்தையும் விளக்கு, தண்ணீர், ரிப்பேர் செலவையும் மாநகராட்சி எந்தத் தலைப்பில் தரும், யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு யாருடையது – இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி மாநகராட்சி ஆணையருக்கு, ஒரு பிரதி முதன்மைக் கல்வி அலுவலருக்கு. மூன்றாவது பிரதியை எனக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் இரண்டு அலுவலகமும் என்ன பதில் தந்தன என்பதை இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.