கடிதம்: சிலுவை யாருக்காக?

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். பெரம்பூரில் எங்கள் சபையின் வாலிபர் வேதபாட வகுப்பை நடத்துகிறேன். கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தாரா, இரட்சிப்புக்கென்று தேவனால் முன்பே தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமா என்ற கேள்வி யூடியூப் பிரசங்கங்கள் வழியாக வந்து வகுப்பை இரண்டாக்கிவிட்டது. ‘இயேசு உங்களுக்காக மரித்தார்’ என்று அச்சிட்ட கைப்பிரதியைக் கொடுக்கமாட்டோம் என்று இரண்டு பேர் நிற்கிறார்கள். மற்றவர்கள் அவர்களைக் கள்ளப்போதகர்கள் என்கிறார்கள். என்ன செய்வது?

வாசகர், பெரம்பூர்

அன்புள்ள சகோதரருக்கு,

கள்ளப்போதகர் என்ற பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். 1947 செப்டம்பர் 27 அன்று நம் ஊர் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, கிருபை எல்லாருக்கும் உரியது என்று போதித்த மெதடிஸ்டுகளும், தேவன் சிலரை முன்பே தெரிந்துகொண்டார் என்று போதித்த கால்வினின் மரபில் வந்த பிரெஸ்பிட்டேரியன்களும் ஒரே பந்திக்கு வந்தார்கள். இந்தக் கேள்விக்கு யார் சொன்ன பதில் சரி என்று அந்த இணைப்பு தீர்ப்பு எழுதவில்லை.

வகுப்பில் சண்டை வருவதற்குக் காரணம், மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான். சிலுவைப்பலியின் மதிப்பு எவ்வளவு? அதன் பலனை யார் அடைகிறார்கள்? பிதா எந்த நோக்கத்தோடு குமாரனைக் கொடுத்தார்? மதிப்பு அளவற்றது என்பதில் இரு தரப்புக்கும் பேதமில்லை. விசுவாசிக்கிறவனே பலனை அடைகிறான் என்று, கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்னும் ஆர்மினியன் தரப்பு 1610-இல் கொடுத்த ஐந்து கட்டுரைகளில் இரண்டாவதே சொல்கிறது. மிஞ்சுவது நோக்கம் பற்றிய கேள்வி மட்டும். இதைப் பலகையில் எழுதிவிட்டுத் தொடங்கினாலே பாதிச் சத்தம் அடங்கும்.

அந்த இரண்டு பேரிடமும், ஆர்மினியன் தரப்புக்குப் பதில் சொல்ல நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கத்தின் (1618-19) தீர்மானங்களில் இரண்டாம் அதிகாரத்தை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். தெரிந்துகொள்ளப்பட்டவர்களையே திண்ணமாக இரட்சிப்பது தேவனுடைய சித்தம் என்பது எட்டாம் பிரிவு. அதற்கு முன்பே மூன்றாம் பிரிவு, இந்தப் பலி உலகம் முழுவதன் பாவத்துக்கும் தாராளமாகப் போதும் என்கிறது. ஐந்தாவது, வாக்குத்தத்தத்தை வேறுபாடின்றி எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆறாவது, ஒருவன் கெட்டுப்போனால் குறை பலியில் இல்லை, அவனிடத்தில்தான் என்கிறது. அதில் கையெழுத்திட்ட ஆங்கிலப் பிரதிநிதி ஜான் டேவனன்ட், கிறிஸ்து ஓர் அர்த்தத்தில் எல்லாருக்காகவும் மரித்தார் என்றே போதித்தவர். என் மனம் சாய்வதும் அவர் பக்கமே.

அந்த இரண்டு பேர் தரப்பின் பலமான வாதம் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஓவனுடையது. எல்லாருடைய எல்லாப் பாவங்களுக்கும் கிரயம் செலுத்தப்பட்டிருந்தால், அவிசுவாசமும் பாவம்தானே, பின் ஏன் ஒருவன் தண்டிக்கப்படுகிறான்? இதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். குமாரனை நமக்காக ஒப்புக்கொடுத்தவர் மற்ற எல்லாவற்றையும் அருளாதிருப்பதெப்படி என்னும் ரோமர் 8:32 அதற்குத் துணை நிற்கிறது. ஆனாலும் ஒரு பதில் உண்டு. எபேசியர் 2:3-இன்படி, தெரிந்துகொள்ளப்பட்டவர்களும் விசுவாசிக்கும்வரை கோபாக்கினையின் பிள்ளைகளாகவே இருந்தார்கள். கிரயம் செலுத்தப்பட்ட அந்த நொடியே விடுதலை தானாக வந்துவிடுவதில்லை என்பதை இரு தரப்புமே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

பாடத்தை, இஸ்ரவேலின் பாவநிவிர்த்தி நாளைப் பற்றிய லேவியராகமம் 16-இல் தொடங்குங்கள். சபையாருக்காக இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். ஒன்று கொல்லப்பட்டு, அதன் இரத்தம் திரைக்கு உள்ளே போகிறது. மற்றதன் தலையில் ஆரோன் இரு கைகளையும் வைத்து அக்கிரமங்களை அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். 17-ஆம் வசனம் சபையார் எல்லாருக்கும் நிவிர்த்தி என்கிறது. ஆனால் 23:29-ஐப் பாருங்கள்: அதே நாளில் தன்னைத் தாழ்த்தாதவன் ஜனத்திலிருந்து அறுப்புண்டுபோவான். பலி அவனையும் சேர்த்துத்தான் செலுத்தப்பட்டது, இருந்தும் அவன் வெளியே. மறுதரப்பு இங்கே உடனே கேட்கும்: அந்தக் கடா எகிப்தியனுக்காகவா கொல்லப்பட்டது? நியாயமான கேள்வி. ஒரே அதிகாரம் இரு தரப்பையும் உட்காரவைத்து யோசிக்கச் செய்கிறது. இதற்கு ஒரு வாரம் போதாது, இரண்டு வாரம் கொடுங்கள்.

அதன்பின் வசனங்கள். இங்கேதான் வகுப்புகள் கெடுகின்றன. ஆளுக்கொரு பட்டியலோடு வந்து மாறிமாறி வாசிப்பார்கள், யாரும் எதையும் விளக்கமாட்டார்கள். பாரத்தை மாற்றி, அவரவருக்கு எதிராகத் தோன்றும் வசனங்களை அவரவரிடமே கொடுங்கள். 1 யோவான் 2:2, 1 தீமோத்தேயு 4:10, 2 பேதுரு 2:1 மூன்றையும் அந்த இரண்டு பேர் விளக்கட்டும். யோவான் 10:15, 17:9, எபேசியர் 5:25 மூன்றையும் மற்றவர்கள் விளக்கட்டும். ஒரு வசனத்துக்குக் கால் மணி நேரம், முன்னும் பின்னும் பத்து வசனங்களோடு.

கைப்பிரதி விஷயத்துக்கு வருகிறேன். தாம் கொரிந்தியருக்கு முதன்மையாக ஒப்புவித்த செய்தி ‘கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார்’ என்பதே என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 15:3). அவர்கள் விசுவாசிப்பதற்கு முன் கேட்ட பிரசங்கம் அது. எனவே உங்கள் கைப்பிரதியின் வாசகத்தில் தவறில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் மனச்சாட்சிக்கு விரோதமாக அதைக் கொடுக்கும்படி அந்த இரண்டு பேரையும் வற்புறுத்தாதீர்கள். அப்போஸ்தலர் 13:38, 39-ஐ அவர்களே ஒரு தாளில் அச்சிட்டுக்கொள்ளட்டும்: இவர் மூலமாய்ப் பாவமன்னிப்பு அறிவிக்கப்படுகிறது, விசுவாசிக்கிறவன் எவனும் நீதிமானாக்கப்படுகிறான். உங்களில் யாருக்கும் அதைக் கொடுக்கத் தயக்கம் இருக்காது. இரண்டு கட்டுகளையும் எடுத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்தே ஊழியத்துக்குப் போங்கள்.