தத்துவத்தை முடித்துவிட்டுத்தான் வரவேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பி.ஆர்க். முடித்து இரண்டு வருடமாக வேலையில் இருக்கிறேன். செப்டம்பரில் லண்டனில் கட்டடக்கலை வரலாறு, கோட்பாடு முதுகலையில் சேர்கிறேன். முன்கூட்டியே அனுப்பிய வாசிப்புப் பட்டியலில் ரிக்கர், ஹைடெக்கர், ஆரென்ட் என்று தத்துவவாதிகள் வரிசையாக நிற்கிறார்கள். இவர்களை முதலில் படித்துத் தீர்க்க வேண்டுமா? ஆய்வேட்டுக்கு, கட்டடக்கலை வரலாற்றாளர் கென்னத் ஃப்ராம்ப்டனின் ‘கிரிட்டிக்கல் ரீஜனலிசம்’ (உலகத் தொழில்நுட்பத்தை ஏற்றுக்கொண்டே இடத்தின் தன்மையை விட்டுக்கொடுக்காத கட்டடக்கலை) கோட்பாட்டைச் செட்டிநாட்டு வீடுகளுக்குப் பொருத்தி எழுதலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

தத்துவத்தைப் படித்துத் தீர்த்தவர் யாரும் இல்லை. அடிக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள். கட்டடக்கலைக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எந்தத் தத்துவவாதியின் எந்தப் பக்கத்தைச் சுட்டுகிறதோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் போய்வாருங்கள். நீங்களே ஃப்ராம்ப்டனைச் சொல்லிவிட்டதால் அவரிடமே பார்க்கலாம்.

முதலில், எந்த ஃப்ராம்ப்டன்? 1983இல் இதே பொருளில் அவர் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். ஆறு பகுதிகளாகப் பிரித்து எழுதியது ஹால் ஃபாஸ்டரின் தொகுப்பில் வந்தது. மற்றது யேல் பல்கலைக்கழகத்தின் பெர்ஸ்பெக்டா இதழில் வந்தது. வகுப்புகளில் அதிகம் புழங்கும் கேட் நெஸ்பிட்டின் 1996 தொகுப்பில் இருப்பது இதுதான். இதைப் படித்துவிட்டு ‘ஃப்ராம்ப்டனின் ஆறு கருத்துகள்’ என்று எழுதினால், மூலத்தைத் திறக்கவே இல்லை என்பது திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும். ‘கிரிட்டிக்கல் ரீஜனலிசம்’ என்ற சொல்லும் அவர் உண்டாக்கியதல்ல. 1981இல் கட்டடக்கலை ஆய்வாளர்கள் சோனிஸும் லெஃபேவ்ரும் கிரேக்கக் கட்டடக்கலைஞர்களான அன்டோனகாகிஸ் தம்பதியைப் பற்றி எழுதும்போது அதைக் கொண்டுவந்தார்கள்.

ஆறு பகுதிக் கட்டுரை பதினைந்து பக்கம்தான். மூன்று முறை படியுங்கள். முதல் முறை ஒரே கேள்வி: இவர் யாரோடு சண்டை போடுகிறார்? 1980 வெனிஸ் பியனாலே கட்டடக்கலைக் கண்காட்சியில், திரைப்பட செட் போடும் கைவினைஞர்களைக் கொண்டு கட்டிய முகப்புகளால் ஒரு தெருவையே நிறுத்தியிருந்தார்கள். பழைய பாணிகளைத் திரும்ப எடுத்தாளும் பின்நவீனத்துவத்தின் பெரிய கொண்டாட்டம் அது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஃப்ராம்ப்டன் அதிலிருந்து விலகினார். இது தெரிந்தால்தான், கட்டுரையின் கடைசிப் பகுதி ஏன் கண்ணை விட்டுவிட்டுத் தொடுவுணர்வைப் பேசுகிறது என்பது புரியும். பின்லாந்துக் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்டோவின் சைனாட்சாலோ நகரமன்றத்தில் செங்கல் படியேறி மன்றக் கூடத்துக்குள் நுழைந்தால், காலடியில் பளபளப்பான மரத்தரை லேசாக வளைகிறது, வழுக்கப் பார்க்கிறது. இது எந்தப் புகைப்படத்திலும் வராது.

இரண்டாம் முறை அடிக்குறிப்புகள். ரிக்கரிடமிருந்து 1961இல் வெளியான ஒரு கட்டுரை, ஹைடெக்கரிடமிருந்து கட்டுவதையும் வசிப்பதையும் பற்றிய 1954ஆம் ஆண்டுக் கட்டுரை, ஆரென்டிடமிருந்து மனிதர்கள் ஒருவர் முன் ஒருவர் தோன்றும் வெளி பற்றிய பக்கங்கள். இவ்வளவுதான். ஒரு வாரத்தில் முடியும்.

மூன்றாம் முறை படிக்கும்போது பக்கத்தில், கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் வரைபடமான செக்‌ஷன் விரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். மேற்கோள்களை அடுக்கிக்கொண்டே போவார்கள், ஒரு வரைபடமும் திறக்கப்பட்டிருக்காது. ஃப்ராம்ப்டன் முன்வைக்கும் சான்று, கோபன்ஹேகன் அருகே டென்மார்க் கட்டடக்கலைஞர் யோர்ன் உட்சன் கட்டி 1976இல் முடித்த பாக்ஸ்வேர்ட் தேவாலயம். வெளியே ப்ரீகாஸ்ட், அதாவது முன்பே வார்த்துக் கொண்டுவந்த, கான்கிரீட் பலகைகள்; தூரத்திலிருந்து பார்த்தால் தானியக் கிடங்கோ என்று தோன்றும். உள்ளே, அங்கேயே வார்த்த மெல்லிய கான்கிரீட் ஓட்டுக் கூரை (ஷெல்) அலை அலையாக எழுந்து, உயரத்திலிருந்து வெளிச்சத்தை இறக்குகிறது. வெளிப்புறம் எங்கும் செல்லுபடியாகும் தொழில்நுட்பம், சிக்கனமானது. உட்புறம் அந்தச் சிக்கனத்துக்கு அடங்காத பண்பாடு. இப்படிப் பிரித்துவிட்டு, அந்தக் கூரை வடிவத்துக்கு முன்னோடி சீனப் பகோடாவில், அதாவது அடுக்குக் கூரைக் கோபுரத்தில், இருக்கிறது என்கிறார்.

உட்சன் தந்த விளக்கமோ வேறு. கடற்கரைக்கு மேல் உருளும் மேகங்களை வரைந்து, கூரை அங்கிருந்து வந்தது என்றார். அதற்காக ஃப்ராம்ப்டன் தவறு என்று எழுதிவிடாதீர்கள். உட்சன் சீனாவுக்குப் போனவர். மேடைக்கு மேல் மிதக்கும் சீன, ஜப்பானியக் கூரைகளைப் பற்றி 1962இல் கட்டுரையே எழுதியவர். மேகமா பகோடாவா என்பதல்ல கேள்வி. ஃப்ராம்ப்டனுக்கு ஏன் பகோடா தேவைப்பட்டது? மேகம் என்றால் இயற்கை, அங்கே அவர் வாதம் நின்றுவிடும். பகோடா என்றால் ஒரு பண்பாடு இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். இந்தக் கேள்வி ஒன்றே நாலாயிரம் சொல் கட்டுரைக்குத் தாங்கும்.

இப்போது செட்டிநாடு. அப்படியே பொருத்தினால் சரிவராது. ஃப்ராம்ப்டன் பேசுவது நவீனத்துக்குப் பிறகு, உலகத் தொழில்நுட்பத்தை அறிந்தே அதோடு மல்லுக்கட்டும் கட்டடங்களைப் பற்றி. பழைய வட்டார வடிவங்களைத் திருப்பிக் கொண்டுவரும் ஏக்கத்தை அவரே மறுக்கிறார். தவிர, அந்த வீடுகள் அவ்வளவு ‘வட்டார’மும் அல்ல. தூணில் பர்மா தேக்கு, தரையில் இத்தாலியப் பளிங்கு. வட்டாரத்தின் முத்திரை என்று நாம் கொண்டாடும் ஆத்தங்குடிக் கல்லே சிமென்டைக் கண்ணாடி மேல் வார்த்துச் செய்வது. வெளிநாட்டு வியாபாரப் பணம் கட்டிய வீடுகள் அவை.

ஆனால் தலைப்பைத் தூக்கிப்போட வேண்டாம், திருப்பிப் போடுங்கள். கோட்பாட்டை வைத்து வீட்டை அளப்பதற்குப் பதிலாக, வீட்டை வைத்துக் கோட்பாட்டைக் கேளுங்கள்: உள்ளூர், உலகம் என்ற ஃப்ராம்ப்டனின் கோடு இந்தத் தரையில் எங்கே விழுகிறது? மெக்சிகோ கட்டடக்கலைஞர் லூயிஸ் பாரகானையும் அவர் நாட்டையும் முன்வைத்து ஆய்வாளர் கீத் எக்னர் 2002இல் எழுதிய மறுப்புக் கட்டுரை கைகொடுக்கும். வெளியிலிருந்து ஒட்டும் ‘வட்டாரம்’ என்ற முத்திரை உள்ளே இருக்கும் சச்சரவுகளை மறைத்துவிடுகிறது என்பது அவர் வாதம். பத்து வீடு வேண்டாம், ஒரே வீடு. பிளானும் ஒரு நீள செக்‌ஷனும் 1:50இல் நீங்களே அளந்து வரையுங்கள். ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்று அதன் மேலேயே குறியுங்கள். கிளம்புவதற்கு முன் காரைக்குடி போய் அளவெடுத்துவிடுங்கள். லண்டன் நூலகத்தில் ஃப்ராம்ப்டன் கிடைப்பார், முற்றத்தின் அளவு கிடைக்காது.