பாம்பனில் நண்டு வாங்கும்போது ஃபோன் இருக்க மனக்கணக்கு எதற்கு?

பெருக்குவதற்கு ஃபோனே போதும். தப்பு நடப்பது எடையை ஃபோனில் தட்டும் இடத்தில். உதாரணமாக கிலோ 420 ரூபாய், எடை 2 கிலோ 50 கிராம். 2.5 என்று தட்டினால் 1,050 காட்டும். தட்ட வேண்டியது 2.05, விலை 861தான். 189 ரூபாய் கூடுதல், ஃபோன் வாய் திறக்காது! ஃபோனிடம் குரலில் 'ரெண்டு ஐம்பது' என்று சொன்னால், அது 250 என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

மனசுக்குள் சரிபார்க்க: 2 கிலோ 840. 100 கிராம் 42 என்றால் 50 கிராம் 21. கூட்டினால் 861.

எலக்ட்ரானிக் தராசில் காலிக் கூடையை வைத்து, டேர் பட்டனை (கூடையின் எடையைக் கழிக்கும் பட்டன்) அழுத்தி, 0 வந்தபிறகே நண்டைக் கொட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், 400 கிராம் கூடையென்றால் கூடைக்கே 168 ரூபாய் கொடுப்பீர்கள்.