சொன்னதற்குப் பதில் எங்கே? பணியிட உறவுகள் குறித்த கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையில் பிறையிலும் உள்ள தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்பதால், உடன் பணிபுரிவோரிடையே பேச்சு, ஊக்கம், கூட்டுப்பணி ஆகியவை பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். கேள்விகளைச் சுருக்கி, நிறுவனங்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறேன். பெரும்பாலானவை "எங்கள் இடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை" என்றே தொடங்கின. ஆனால் முழுவதும் படித்தால், வாய் திறந்தவர்கள் எல்லா இடங்களிலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதற்குப் பதில் வராமல் போயிருக்கிறது.

கேள்வி (உற்பத்தி வரிசையின் லைன் லீடர், பாயான் லெப்பாஸ்): வணக்கம் அம்மா. காலை ஏழு மணிக்கு இரவு சிஃப்டிடமிருந்து பொறுப்பேற்கிறோம். எந்த இயந்திரம் தொல்லை கொடுத்தது, எந்த லாட் (ஒரே தொகுதியாகத் தயாராகும் பொருட்கள்) நிறுத்தி வைக்கப்பட்டது என்பதெல்லாம் முழுமையாகத் தெரிவதில்லை. பதிவேட்டில் "எல்லாம் ஓகே" என்று எழுதியிருக்கும். பத்து மணிக்குப் பழுதான பொருள் வெளிவந்த பிறகு ஒருவரை ஒருவர் குற்றம் சொல்கிறோம். இரண்டு சிஃப்டும் பகையாளிகளைப்போல் ஆகிவிட்டோம்.

பதில்: இதை மனத்தாங்கலாகப் பார்ப்பதற்கு முன் நேரக் கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர், தொழிற்சாலைப் பேருந்து ஏழேகாலுக்குப் புறப்பட்டுவிடும் என்ற அவசரத்தில் இருக்கிறார். பினாங்குப் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்துக்கோ சுங்கை பட்டாணிக்கோ போக வேண்டியவரிடம் விரிவான விளக்கத்தை எதிர்பார்ப்பது, அவரது உறக்கத்திலிருந்து அரை மணி நேரத்தைக் கேட்பதற்குச் சமம். ஆகவே இரு சிஃப்டுகளும் பத்து நிமிடம் ஒன்றாக இருக்கும்படி அட்டவணையை மாற்றுமாறு மேலாளரிடம் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடம் சம்பளத்துடன் கூடிய வேலை நேரமாக இருக்க வேண்டும். பஞ்ச் கார்டு தட்டிய பிறகு தயவுக்காக நிற்கச் சொன்னால் இரண்டே வாரத்தில் அந்த ஏற்பாடு உதிர்ந்துவிடும்.

அந்தப் பத்து நிமிடத்தில் இருவரும் அலுவலக மேசையில் உட்காராமல் இயந்திரத்தின் அருகே நிற்க வேண்டும். இப்போது என்ன நிலைமை, அதற்கு முன் என்ன நடந்தது, காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள், அடுத்து என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்னும் நான்கையும் போகிறவர் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் உருவாகிப் பின்னர் மருத்துவமனைகளுக்கு வந்த வரிசை இது. தாதியர்களாகப் பணிபுரியும் உறுப்பினர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். வருகிறவர் தாம் கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். பல இடங்களில் முதலில் கைவிடப்படுவது இந்தக் கடைசிப் பகுதிதான். சொன்னவருக்குத் தாம் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவருவதும் அதன் வழியாகத்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் மேலாளர் கேட்டால், வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையைப் பற்றிச் சொல்லுங்கள். 1988 ஜூலை 6 அன்று ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு சிஃப்டைச் சரியாகச் சென்றடையவில்லை. மற்றொரு பம்ப் நின்றுபோனதும், கழற்றப்பட்ட வால்வைப் பற்றி அறியாமல் முதல் பம்ப்பை இயக்கினார்கள். வாயு கசிந்து வெடித்ததில் 167 பேர் உயிரிழந்தனர். வால்வைக் கழற்றியது வழக்கமான வேலை. அதைப் பற்றிய தகவல் கைமாறாததுதான் விபத்துக்கு வழிவிட்டது.

கேள்வி (இளம் பொறியாளர், பிறை): நான் நடத்தும் வாராந்தரக் கூட்டத்தில் "ஏதேனும் கேள்வி உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் மௌனம். வெளியே வந்ததும் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது செய்திகள் ஓடுகின்றன. அதில் நான் இல்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் அந்தக் குழுவுக்குள் நுழைய முயலாதீர்கள். நீங்கள் நுழைந்த அன்றே இன்னொரு குழு பிறக்கும்.

"ஏதேனும் கேள்வி உண்டா?" என்பது கூட்டத்தை முடித்துவைக்கும் சடங்கு என்பது எல்லோருக்கும் தெரியும். கீர்ட் ஹோஃப்ஸ்டெட் என்ற ஆய்வாளர் நாடுகளை ஒப்பிட்டு வகுத்த அதிகார இடைவெளிக் குறியீட்டில் (மேலிருப்பவரின் அதிகாரத்தை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதன் அளவு) மலேசியா மிக உயர்ந்த இடத்தில் இருக்கிறது. ஒரு நாட்டையே ஓர் எண்ணுக்குள் அடக்குவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. இருந்தாலும், முதலாளியைப் பெயர் சொல்லி அழைக்கும் வெளிநாட்டு நிறுவனத்தில்கூட அவர் சொன்னதை மறுத்துப் பேச நம்மவர்கள் தயங்குவதைக் கண்டிருக்கிறேன்.

எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல ஒற்றுமை கொண்ட பிரிவுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகள் மறைக்கப்படாமல் வெளியே சொல்லப்பட்டன என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். உளவியல் பாதுகாப்பு (மனத்தில் பட்டதைச் சொன்னால் தமக்குக் கெடுதல் வராது என்ற நம்பிக்கை) பற்றிய அவருடைய 1999ஆம் ஆண்டு ஆய்வு ஓர் உற்பத்தி நிறுவனத்தின் குழுக்களை வைத்தே நடந்தது. அந்தப் பாதுகாப்பு "தைரியமாகப் பேசுங்கள்" என்று அறிவிப்பதால் வந்துவிடாது. சென்ற முறை ஒருவர் பேசியபோது அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே மௌனத்தால் பதிலளிக்க முடியாத கேள்வியைக் கேளுங்கள்: "இந்த வாரம் எந்த வேலை எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் இழுத்தது?" வயதிலோ பதவியிலோ இளையவரிடமிருந்து தொடங்குங்கள், மூத்தவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள். வெள்ளைப் பலகையில் அவர்கள் சொன்னவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் யார், எந்தத் தேதிக்குள் பதில் தருவார் என்பதைப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். "இது முடியாது, காரணம் இது" என்பதும் பதில்தான். அதையும் அந்தத் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். குடிநீர் இயந்திரம் பழுது என்ற சிறிய புகார் நான்கு வாரம் பலகையில் கிடந்தால், பாதுகாப்புக் குறைபாடு போன்ற பெரிய விஷயத்தை உங்களிடம் யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

கேள்வி (கணக்காளர், ஜார்ஜ்டவுன்): அக்கா, எங்கள் கூட்டங்கள் ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதியில் ஹொக்கியன் என்ற சீனமொழிக்கு மாறிவிடும். எனக்குப் புரியாது. கேட்டால் மரியாதைக் குறைவாகுமோ என்று சும்மா இருக்கிறேன்.

பதில்: கேளுங்கள், ஆனால் கூட்டம் முடிந்த பிறகு கேட்காமல், மொழி மாறிய அந்த நிமிடத்திலேயே கேளுங்கள். "இந்தத் தொகையை நான்தான் பதிவு செய்ய வேண்டும், முடிவை ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒருமுறை சொல்லிவிடுங்கள்" என்று வேலையை முன்வைத்துச் சொன்னால் எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலும் அவர்கள் உங்களை ஒதுக்க நினைத்து மாறுவதில்லை. சிக்கலான கணக்கு வரும்போது நாக்கு தாய்மொழிக்குத் திரும்புகிறது. நாம் மூன்று பேர் பேன்ட்ரியில் தமிழில் பேசிச் சிரிக்கும்போது அருகில் நிற்கும் நேப்பாளத் தொழிலாளர் தம்மைப் பற்றித்தான் பேசுகிறோமோ என்று எண்ணுவதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அரட்டைக்கு எந்த மொழியும் இருக்கட்டும். முடிவுகள் மட்டும் எல்லோருக்கும் புரியும் மொழியில் எழுத்தில் வரட்டும்.

கேள்வி (கடை உரிமையாளர், பட்டர்வொர்த்): மாதந்தோறும் "சிறந்த ஊழியர்" பரிசு கொடுக்கிறேன். இருந்தும் யாருக்கும் ஆர்வம் இல்லையே?

பதில்: ஒருவருக்குப் பரிசு கிடைக்கும் நாளில் மற்ற எல்லோருக்கும் "நீங்கள் இல்லை" என்ற செய்தி போகிறது. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் பிட்ஸ்பர்க் பகுதியின் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு வெளியிட்ட முடிவுகளின்படி, சம்பளம், மேற்பார்வை, விதிமுறைகள் சரியில்லாதபோது மனக்குறை பிறக்கிறது. உழைப்புக்குக் கிடைக்கும் மதிப்பும் வேலையின் தன்மையும் பொறுப்புமே மனநிறைவைத் தருகின்றன. சம்பளத்தை உயர்த்த மனமில்லாத முதலாளிகள் இதை மேற்கோள் காட்டும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஓவர்டைம் கணக்கு தாமதமாகும் கடையில் கைதட்டலுக்கு மதிப்பில்லை. முதலில் சம்பளம் சரியான நாளில் வரட்டும். பிறகு, சரக்கு அடுக்கும் முறையை மாற்றலாமா என்று அந்த வேலையைச் செய்பவரிடமே கேட்டு, அவர் சொன்னது நடந்ததும், அது அவருடைய யோசனை என்பதை எல்லோர் முன்னும் சொல்லுங்கள்.

கேள்வி (தொழிற்சாலை மேற்பார்வையாளர், பாயான் லெப்பாஸ்): தீபாவளி வாரத்தில் நம்மவர்கள் அனைவரும் விடுப்புக் கேட்கிறார்கள். மற்ற இனத்தவர் முணுமுணுக்கிறார்கள். கொடுக்காவிட்டால் மறுநாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வருகிறது.

பதில்: சட்டத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 11 அரசிதழ் விடுமுறைகள் தரப்பட வேண்டும். அவற்றுள் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தும் கட்டாயம். மற்ற ஆறையும் முதலாளி தேர்ந்தெடுத்து அறிவிக்கலாம். தீபாவளி அந்த ஐந்தில் இல்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெரும்பாலான நிறுவனங்கள் அதைச் சேர்த்துவிடுகின்றன. உங்கள் அறிவிப்புப் பலகையில் உள்ள பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

சண்டை தீர்வது சட்டத்தால் அல்ல, தேதியால். ஜனவரியிலேயே சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆகிய நான்கையும் ஒரே தாளில் வைத்து, யாருக்கு எது முதன்மையான பெருநாள், அவருடைய இடத்தை அன்று யார் நிரப்புவார் என்பதைக் குழுவே பேசி எழுதட்டும். நோன்புப் பெருநாளன்று நம்மவர் யாருக்காக வேலைக்கு வந்தார் என்பது அந்தத் தாளிலேயே இருப்பதால், தீபாவளியின்போது யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. அக்டோபரில் வந்து முறையிடுகிறவருக்கு அந்தத் தாளைக் காட்டினால் போதும்.

கேள்வி (இரு குழந்தைகளின் தாய், சுங்கை ஆரா): வேலை நேரத்தை ஒரு மணி முன்னதாக மாற்றித் தரும்படி மேலாளரிடம் வாய்மொழியாகக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். மூன்று மாதமாகிறது.

பதில்: எழுத்தில் கேளுங்கள், அம்மா. வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள திருத்தப்படி, வேலை நேரம், வேலை நாள் அல்லது இடத்தை மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் "பார்க்கலாம்" என்று இழுத்தடிக்க முடியாது. நீங்கள் மாலையில் சென்ற பிறகு வரும் அழைப்புகளை யார் எடுப்பார், காலையில் அதற்கு ஈடாக நீங்கள் எதைச் செய்வீர்கள் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். சக ஊழியர்களின் புறணியில் பாதி அதனாலேயே குறையும்.

கேள்வி (ஸ்டோர் பொறுப்பாளர், பிறை): ஸ்டோருக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் ஓயாத சண்டை. நிர்வாகம் எங்களைக் குழுப் பயிற்சிக்காக லங்காவிக்கு அழைத்துப் போகிறது. பலன் இருக்குமா?

பதில்: நல்ல மீன் கிடைக்கும். திங்கட்கிழமை பொருள் கேட்கும் படிவம் பழையபடியே முழுமையற்று வந்தால் சண்டையும் பழையபடியே வரும். போவதற்கு முன், இரு பிரிவிலிருந்தும் இருவரை உட்காரவைத்துக் கடந்த மாதம் திருப்பி அனுப்பப்பட்ட படிவங்களைப் புரட்டச் சொல்லுங்கள். எந்தக் கட்டம் அடிக்கடி காலியாக இருக்கிறது, அதை நிரப்பத் தேவையான எண் உற்பத்திப் பிரிவினருக்கு எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். அந்த எண் ஸ்டோரின் கணினியில் மட்டுமே இருக்கிறதென்றால், அவர்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டு அதை அவர்களும் பார்க்க வழி செய்யுங்கள்.