பைக்கோட பார்டர் தாண்டுறப்போ

கேள்வி: சொந்த பைக்லயே வெளிநாடு சுத்தப் போறேன், இன்சூரன்ஸ் இருக்கு, பிரேக்டவுன் கவர் (வழியில வண்டி ரிப்பேராகி நின்னா உதவுற பாலிசி) தனியா எடுக்கணுமா சார்?

பதில்: எடுங்க. ஆனா முதல்ல உங்க பாலிசி எந்தெந்த நாட்டுல செல்லும்னு பாருங்க, பல பாலிசி பார்டரோட முடிஞ்சிடும், ஐரோப்பா பக்கம் சில இடத்துல கிரீன் கார்டு, அதாவது உங்க வண்டி இன்சூரன்ஸ் அந்த நாட்டுலயும் செல்லும்னு காட்டுற சான்று, கேப்பாங்க (பேருதான் கிரீன், 2020 ஜூலைல இருந்து வெள்ளைத் தாள்லயே பிரிண்ட் எடுத்துக்கலாம்). பிரேக்டவுன் கவர்ல நான் முக்கியமா பாக்குறது, வண்டியை பக்கத்து மெக்கானிக் வரைக்கும் மட்டும் இழுத்துட்டுப் போவாங்களா, இல்ல சரியாகலன்னா ஊருக்கே திருப்பி அனுப்புவாங்களாங்கிறதுதான், ஏன்னா அந்த செலவு சமயத்துல வண்டி விலையையே தாண்டிடும். பழைய வண்டின்னா வயசு லிமிட்டையும் கேளுங்க. அப்புறம் டிராவல் இன்சூரன்ஸ், 125 சிசிக்கு மேல உள்ள பைக் ஓட்டுறதை சேக்காத பாலிசி நிறைய இருக்கு, உங்க பைக்குக்கு செல்லும்னு எழுத்துல வாங்கிக்கோங்க.